ஸ்டெப்னி வேட்பாளர்

மாற்று வேட்பாளர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஸ்டெப்னி. வண்டிக்குப் பின்னால் தொங்கும். நாலு டயரும் ஒழுங்காக ஓடுகிறவரை யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சட்டசபைத் தேர்தலில் என் அண்ணனுக்குக் கட்சி சீட்டுக் கொடுத்தது. அவன் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடியாகிவிட்டால் சின்னம் அநாதையாகிவிடும் என்று, கூடவே இன்னொருவரும் மனுப் போட வேண்டியிருந்தது. கட்சிக்காரன் எவனையாவது போடச் சொன்னால், அவனே குழி பறித்துவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்று அண்ணனுக்குப் பயம். அண்ணி அரசுப் பள்ளி டீச்சர், நிற்க முடியாது. மிச்சம் நான்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா. கையெழுத்துப் போடு. என் மனுவ ஏத்துக்கிட்டதும் வந்து வாபஸ் வாங்கிடு. அவ்வளவுதான்" என்றான்.

நான் கடையில் திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தேன். திரை, சோபா உறை தைப்பதுதான் என் தொழில். ஒரு ஹோட்டலுக்கு எல்லா ஜன்னலுக்கும் ஆர்டர். வாயில் குண்டூசியோடு, எங்கே போட வேண்டும் என்று கண்ணால் கேட்டேன். வக்கீல் விரல் வைத்துக் காட்டினார். போட்டேன்.

அந்த வக்கீலைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு ரெயின்கோட்டும் போட்டுக்கொள்கிற ஆள். கட்சியின் மாற்று வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும். கட்சிக் கடிதத்தில் சிக்கல் வந்தால் சுயேச்சையாகவாவது நிற்கட்டுமே என்று, இவர் பத்துப் பேரைப் பிடித்து என் மனுவில் கையெழுத்து வாங்கி வைத்தார். ஒரே ஒரு கையெழுத்து இருந்திருந்தால், அண்ணன் மனு தேறியதுமே என் மனு தானாகச் செத்திருக்கும். பத்து இருந்ததால் அதற்கு உயிர் இருந்தது. நானே நேரில் போய் வாபஸ் வாங்கினால்தான் போகும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது, அக்கறையும் இல்லை. அவன் ஜெயித்தால் நல்லது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

மனுப் போட்ட மறுநாள் மார்க்கெட் முன்னால் முதல் கூட்டம். குடும்பத்தார் மேடையில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று என்னையும் அண்ணியையும் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள். அண்ணன் மைக்கைப் பிடித்தான். சாலை, சாக்கடை, விலைவாசி எல்லாம் பேசி முடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"எங்கம்மாவுக்கு நெஞ்சு வலி. இந்தப் பக்கம் ஆஸ்பத்திரி கெடையாது. ஆம்புலன்ஸ் வரல. வேன்ல படுக்க வெச்சு, தலைய என் மடியில வெச்சுக்கிட்டுப் போறேன். ரயில்வே கேட் மூடியிருக்கு. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. இந்தப் பக்கம் என்னைப் பெத்த தாய். என் கையப் புடிச்சுக்கிட்டு அம்மா கடைசியாச் சொன்னாங்க, 'மகனே, இனிமே இந்தக் கேட் எந்தத் தாய்க்கும் மூடக் கூடாதுடா!'"

முன்வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவனும் துடைத்தான். எனக்கு உள்ளங்காலில் பிடித்த எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது.

ஏனென்றால் அது என் மடி. வேனில் இருந்தது அம்மாவும் நானும்தான். முன்னால் வேன்காரர் ஓட்டினார். கடையிலிருந்த திரைத்துணிப் பொதியை விரித்து அம்மாவைக் கிடத்தியவள் நான். அண்ணன் அன்றைக்குக் கட்சி மாநாட்டில் முதல் வரிசையில் இருந்தான். தலைவர் பேசுகிறார் என்று போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டான். நான் அடித்தேன், அடித்தேன், விரல் தேயும்வரை அடித்தேன். எடுக்கவில்லை. எல்லாம் முடிந்து அம்மாவை வீட்டுக் கூடத்தில் கிடத்திய பிறகு வந்து நின்றான், வெள்ளைச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாமல்.

அடுத்த நாள் சுவரெல்லாம் போஸ்டர். "இந்தக் கேட் இனி மூடாது!" என்று கொட்டை எழுத்தில். ஒரு பக்கம் அண்ணன், இன்னொரு பக்கம் அம்மா. அம்மாவும் நானும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது. என்னை வெட்டிவிட்டார்கள். வெட்டியவனுக்கு அவசரம் போலிருக்கிறது, என் கையை விட்டுவிட்டான். அம்மா தோளில் யாருடையது என்று தெரியாமல் ஒரு கை இருந்தது, வளையலோடு.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடம் முழுக்கக் கட்சிக்காரர்கள், அண்ணி டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா தல யார் மடியிலண்ணா இருந்துச்சு?" என்றேன், எல்லார் முன்னாலும்.

என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தினான். "மெதுவாப் பேசுடி. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். யார் மடி?"

"உன் மடி, என் மடின்னு என்ன இருக்கு? ரெண்டு பேரையும் அவங்கதான பெத்தாங்க?"

"அப்ப தங்கச்சி மடியிலன்னு சொல்லேன்."

"தங்கச்சி மடியிலன்னா, நீ எங்கடா இருந்தேன்னு ஜனம் கேக்கும்."

"அதத்தான் நானும் கேக்கறேன்."

அவன் முகம் சுண்டிப்போனது. கொஞ்சம் தணிந்து வந்தான். "இந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி வேணுமா வேணாமா? நாளைக்கு உனக்கே நெஞ்சு வலிச்சா எங்க போவ?"

"வேணும். ஆஸ்பத்திரி கட்டறேன்னு தொண்டை கிழியக் கத்து, நானே கை தட்டறேன். அம்மா சொல்லாதத ஏன் சொன்னாங்கன்னு சொல்ற?"

"சரி, என்னதான் சொன்னாங்க? நீயே சொல்லு."

அதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவனிடம் சொன்னால் அன்று சாயங்காலமே மைக்கில் வரும். அம்மா என்னிடம் விட்டுப்போனது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொள்ள இவன் யார்?

"அது எனக்குச் சொன்னது" என்றேன்.

அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "எலக்‌ஷன் முடியட்டும்மா. முடிஞ்சதும் ரெண்டு பேரும் நிம்மதியா உக்காந்து அடிச்சுக்கங்க. இப்ப அடுப்பில பால் பொங்குது, வழிய விடுங்க."

பரிசீலனையில் அண்ணன் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். வக்கீல் புண்ணியத்தில் என் மனுவையும் ஏற்றுக்கொண்டார்கள். வாபஸ் வாங்கக் கடைசி நாள், பிற்பகல் மூன்று மணிவரை. வாங்காவிட்டால் நான் சுயேச்சை வேட்பாளர். அதற்குள் அண்ணன் எத்தனையோ கூட்டம் பேசிவிட்டான். ஒவ்வொரு கூட்டத்திலும் அம்மா கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள். கடைசியாக நான் கேட்டபோது குடிநீர்த் திட்டத்தைப் பற்றிக்கூட ஏதோ சொல்லிவிட்டுச் செத்தாள்.

கடைசி நாளன்று தேர்தல் அலுவலகத் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தது. போய் உட்கார்ந்தேன். வக்கீல் வாபஸ் தாளையும் பேனாவையும் தயாராக நீட்டினார். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"அண்ணன வரச் சொல்லுங்க."

பிரசாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தான். நெற்றியில் வேர்வை. தாழ்வாரத்தில் எதிர்க்கட்சிக்காரர்களும் நின்றிருந்ததால் பல்லைக் காட்டிக்கொண்டே பேசினான். "என்னம்மா, கையெழுத்துப் போடலியா?"

"போடறேன். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லணும். இன்னைக்குக் கூட்டத்துல, 'அன்னைக்கு வேன்ல நான் இல்ல, என் தங்கச்சிதான் இருந்தா'ன்னு சொல்றேன்னு இந்த அதிகாரி முன்னாடி சொல்லு. அடுத்த நிமிஷம் போடறேன்."

"வெளையாடாதடி."

"என் மூஞ்சியப் பாத்தா வெளையாடற மாதிரியா இருக்கு?"

"ஜெயிச்சப்புறம் சொல்றேன். அம்மா மேல சத்தியமா."

"எந்த அம்மா? உன் போஸ்டர் அம்மாவா, என் அம்மாவா?"

வக்கீல் கைகூப்பினார். "தங்கச்சி, கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க. குடும்பம்னா ஆயிரம் இருக்கும்."

"பத்துப் பேர் கையெழுத்து வாங்கின பெரிய மனசு யாரோடது வக்கீல் சார்?" என்றேன். மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடிகாரம் ஓடியது. அண்ணன் கெஞ்சினான், மிரட்டினான். சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்து மிதித்ததையெல்லாம் எடுத்துவிட்டான். அந்த நாலு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் போட்டிருப்பேன். எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். அவன் ஜெயித்தால் கடையில் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்திருப்பேன்.

அதிகாரி வெளியே வந்து கேட்டார். "அம்மா, வாபஸ் உண்டா இல்லையா?"

"இல்லைங்க."

அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, கண் மட்டும் மாறியது. "அம்மாவோட சேந்து நீயும் செத்துட்டேன்னு நெனச்சுக்கறேன்" என்றான்.

"நெனச்சுக்க. நாளைக்கு மேடையில என்னையும் மடியில போட்டுக்க" என்றேன்.

சின்னம் ஒதுக்கினார்கள். கத்தரிக்கோல் கேட்டேன். வேறொருவர் முந்திக்கொண்டார். எனக்குக் கிடைத்தது பல் பிரஷ். சிரிக்க வேண்டியவர்கள் சிரித்துக்கொள்ளலாம், ஊரே சிரித்துவிட்டது. மறுநாள் கடை ஷட்டரில் பழைய பிரஷ்களைக் கோத்து மாலையாக மாட்டியிருந்தார்கள். எவன் வீட்டு எச்சிலோ. கையால் தொட அருவருத்து, துணி அளக்கும் மீட்டர் கம்பால் தட்டி எடுத்தேன். அதற்கடுத்த நாள் ஹோட்டல்காரர் வந்து, பாதி தைத்த திரைகளை அப்படியே அள்ளிக்கொண்டு போனார். "எனக்கு உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. கட்சிக்காரங்க வந்து சொல்லிட்டுப் போறாங்க, நான் பொழைக்கணும்ல?" என்றார். பக்கத்துக் கடைக்காரியோ என் காதில் விழட்டும் என்றே பேசினாள்: "கூடப்பொறந்தவனுக்கே குழி பறிக்கிறவ, ஊருக்கு என்னத்தக் கிழிக்கப் போறா?"

எதிர்க்கட்சியிலிருந்து ஒருவன் இளித்துக்கொண்டு வந்தான். வண்டி தருகிறோம், மைக் தருகிறோம், நீங்கள் உண்மையைப் பேசுங்கள் என்றான். "நான் எங்க வீட்டுச் சண்டையப் போடறேன். நீ உன் வீட்டுக்குப் போய் உன் சண்டையப் போடு" என்று அனுப்பினேன். வாடகை ஆட்டோ ஒன்று பிடித்து, ஒலிபெருக்கியை மேலே கட்டி, நேராக ரயில்வே கேட்டுக்குப் போனேன். வேறெங்கே பேசுவது?

கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள், இறங்கி நிற்கும் ஜனங்கள். ஓடிப்போக வழியில்லாத கூட்டம். மைக்கை எடுத்தேன்.

"நான் மனுஷி, கட்சி இல்ல. உங்க வேட்பாளரோட தங்கச்சி. எங்கம்மா செத்தது இந்த எடத்துலதான். தல என் மடியில இருந்துச்சு. கேட் மூடியிருந்துச்சு..."

அந்த இடத்தில் என் குரல் தானாக நின்றது. ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்ததைச் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது, அண்ணன் நிறுத்துகிற அதே இடம், அதே மூச்சு. பைக்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அவள் துடைத்ததும் எனக்குள்ளே ஏதோ ஒன்று குளிர்ந்தது. 'இன்னும் கொஞ்சம் சொல்லு' என்றது. என் மேல் எனக்கே குமட்டியது.

வாழைப்பழக் கூடையோடு நின்ற ஒருத்தி உரக்கக் கேட்டாள். "ஏம்மா, இது உங்கண்ணன் சொன்ன கததான? அவரு இதவிட நல்லாச் சொன்னாரு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அவர் சொன்னது பொய்!" என்று கத்தினேன். "அவர் வேன்லயே இல்ல!"

"அப்ப அம்மா கடைசியா என்னதான் சொன்னாங்க? அதச் சொல்லு, நம்பறோம்" என்றார் ஒரு பெரியவர்.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. அப்போதுதான் வேன்காரரைப் பார்த்தேன். அதே வேன், இப்போது அண்ணன் படம் ஒட்டி, பிரசார வண்டியாக வரிசையில் நின்றிருந்தது. வாயில் வந்ததை விழுங்கிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"வேன்காரரே! அன்னைக்கு நீங்கதான ஓட்டினீங்க? எங்கண்ணன் இருந்தாரா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் இறங்கி, நன்றாக இருந்த டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "நான் ரோட்டப் பாத்து ஓட்டறவன்மா. பின்னாடி யார் இருந்தான்னு எனக்கெப்படித் தெரியும்?"

கேட் திறந்தது. வண்டிகள் கிளம்பின. ஆட்டோக்காரர், "ஓரமாப் போட்டுடவாம்மா?" என்று கேட்டார். வீட்டுக்கு விடச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் மைக்கைத் தொடவில்லை. பேசினால் அம்மாவை நானும் விற்க ஆரம்பித்துவிடுவேன் என்று பயந்தேன். மிஷினில் உட்கார்ந்து, வராத ஆர்டருக்குத் தலையணை உறை தைத்தேன். தேர்தல் நான் இல்லாமலேயே நடந்தது.

முடிவு வந்தது. நான் டெபாசிட் காலி, அதில் ஆச்சரியமில்லை. அண்ணன் தோற்றான். மயிரிழையில் தோற்றான். என் பல் பிரஷுக்கு விழுந்த ஓட்டு அந்த மயிரிழையைவிடக் கொஞ்சம் கனம். பாதிப் பேர் கையெட்டின பொத்தானை அமுக்கியிருப்பார்கள், மீதிப் பேர் வேடிக்கைக்கு. யார் நம்புவார்கள்? பழி என் தலையில்.

அன்று சாயங்காலமே கடைக்கு வந்தான், தனியாக. கூட எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிந்த கூட்டம் எங்கே போனதோ. தோற்றவன் பின்னால் நிழல்கூட வராது.

"சந்தோஷமா?" என்றான் வாசலில் நின்றபடியே. "வயிறு குளுந்துச்சா? இத்தன வருஷம் கொடி புடிச்சேன்டி. போஸ்டர் ஒட்டினேன். ஜெயிலுக்குப் போனேன். எல்லாத்தையும் ஒரு பல் பிரஷ வெச்சுத் தேச்சுட்டியேடி!"

"நானா தேச்சேன்? நாலு வார்த்த சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேன்ல? நாற்காலிதான் உனக்குப் பெருசாத் தெரிஞ்சுது."

"அம்மா இருந்திருந்தா உன்னச் செருப்பால அடிச்சிருப்பாங்க. அவங்களுக்கு நான்னா உசுரு. உன்னவிட என்னத்தான் புடிக்கும். அதான் உனக்குப் பொறாம. அன்னிலேருந்து இன்னிவரைக்கும் பொறாம!"

அதைக் கேட்டதும் என் கையிலிருந்த துணி நழுவியது. அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. என்னிடம் இருந்ததில் கனமானது அம்மா கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். எடுத்து அடித்தேன்.

"ஆமாண்டா! உன்னத்தான் புடிக்கும்! மடியில கெடந்தது என் மடி, கேட்டது உன்ன! 'அண்ணன் போன எடுத்தானா, அண்ணன் போன எடுத்தானா'ன்னு அதையேதான் கேட்டுக்கிட்டு வந்தாங்க. என் பேர ஒரு தடவ சொல்லல. எடுத்தான்மா, வந்துக்கிட்டே இருக்கான்மான்னு சொன்னேன். கேட்ல வண்டி நின்னுடுச்சு. 'எங்க வரான்?'னாங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கறான்மா, தொறந்ததும் வந்துடுவான்னு சொன்னேன்."

அண்ணன் வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தான்.

"உடனே தலையத் தூக்கிப் பாத்தாங்க. அது வரைக்கும் ஒரு விரல அசைக்க முடியல, தலையத் தூக்கிட்டாங்க. அந்தப் பக்கம் எவனோ ஒருத்தன் வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு பைக்ல நின்னான். அவனப் பாத்து 'வந்துட்டான்டி'ன்னாங்க. அவ்வளவுதான். தல திரும்ப என் மடியில விழுந்துச்சு."

சொல்லி முடித்ததும்தான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. அந்தக் கேட்டில் அவனை முதலில் கொண்டுவந்து நிறுத்தியவள் நான்தான். அம்மாவுக்காக நிறுத்தினேன். அவன் அதைத் தெரியாமலேயே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

அண்ணன் துணிப் பொதி மேல் உட்கார்ந்தான். உட்காரவில்லை, விழுந்தான். "யாருடி அந்த ஆளு?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? யாரோ."

அதற்குப் பிறகு அழுதான். மேடையில் அவன் அழுததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நிறுத்தி, நிதானமாக, கைக்குட்டை எடுத்து, அழகாக அழுவான். இது அப்படி இல்லை. வாய் கோணி, மூக்கு ஒழுகி, அடிபட்ட மாடு மாதிரி அலறினான். எதிர்ச்சுவரில் பாதி கிழிந்த போஸ்டர் இன்னும் இருந்தது. அம்மா தோளில் என் கை.

"இத எங்கயாவது சொன்னே, உன்னக் கொன்னுடுவேன்" என்றேன்.

தலையை ஆட்டினான். அவன் தலையாட்டலை நான் நம்பவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரி சத்தம் கேட்டு வாசலுக்கு வந்து கழுத்தை நீட்டினாள். தெருவில் இரண்டு பேர் நின்றார்கள்.

ஷட்டரைப் பாதி இறக்கினேன். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் சுவிட்சைப் போட்டு, துணி எதுவும் வைக்காமல் பெடலை அழுத்தி மிதித்தேன். மிஷின் கடகடவென்று கத்தியது. அவன் அழுது முடிக்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தேன். நூல் மட்டும் தனியாகப் பின்னிக்கொண்டு தரையில் இறங்கியது.